திருகாணியும் மணிக்கட்டும்

செங்காங் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் நன்கறிந்த ஓசை ஒன்றுண்டு. வேலை நாளின் காலை ஒன்பது மணி ஆனதும் மேல்தளத்திலோ கீழ்த்தளத்திலோ யாரோ ஒருவர் வீட்டில் பொறி முழங்கத் தொடங்கும். புதுப்பிப்பு வேலைகளுள் பேரோசை எழுப்புவனவற்றை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரையில் மட்டுமே செய்யலாம் என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதி. கூர்ந்து கேட்பவர் அம்முழக்கத்தில் மூன்று வேறு ஓசைகள் உண்டென்பதை அறிவர். கற்காரைச் சுவரைக் குடையும் உறுமல் ஒன்று. மரத்தைத் துளைக்கும் சீரான இரைச்சல் மற்றொன்று. தொடங்கும்போது அமைதியாகச் சுழன்று, பின் திடீரெனக் கடகடவென்று அதிர்ந்து, இரண்டு மூன்று நொடிகளில் அடங்கிவிடுவது மூன்றாவது. அந்த மூன்றாவது ஓசைக்கு உரிய கருவியே 'இம்பேக்ட் டிரைவர்'.

ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் அதுவும் 'டிரில்' என்னும் துளைப்பொறியும் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் கைத்துப்பாக்கி போன்ற பிடி. இரண்டுக்கும் அடியில் ஒரே மின்கலம். பெரும்பாலும் ஒரே நிறம். புதுவீடு புகுந்தவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, திருகாணி முடுக்குவதற்கு எதனை வாங்குவது என்று திகைப்பது இயல்பே. இவை உருவத்தால் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் பிறப்பால் வேறு குடியைச் சேர்ந்தவை. ஒன்று துளையிடுவதற்கென்று பிறந்து, பின்னாளில் திருகாணிக்கு இரவல் வந்தது. மற்றொன்று இறுக்குவதற்கென்றே பிறந்தது. அந்த வரலாற்றை அறிந்தால் திகைப்பில் பாதி நீங்கும்.

துளையிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் ஆகியவற்றில் மணி செய்த தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்பர் அறிஞர். இரும்பே கீறமுடியாத கல்லில் நூல் நுழையும் துளையிட்ட கைகள் அவை. தச்சரிடத்தும் 'துரப்பணம்' என்னும் கருவி வழிவழியாக இருந்தது. வில்லின் நாணைத் தண்டிற் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுக்கத் தண்டு சுழன்று மரத்தைத் துளைக்கும். இதன் முன்னோடி மிகத் தொன்மையானது. பலுசிஸ்தானத்தின் மெகர்கரில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோரின் பற்களிலேயே இத்தகைய துளைகள் இருந்தமையை 2006-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

திருகாணியோ அத்தகைய பழைமை உடையதன்று. தேரின் சட்டங்களைத் தமிழகத் தச்சர்கள் காடி வெட்டிப் பொருத்தினர், முளையடித்து இறுக்கினர். சோழமண்டலக் கரையில் அலை கடந்து சென்ற மசூலாப் படகுகளின் பலகைகள் ஆணியே இன்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. ஆணி வைத்தால் அலையின் மோதலில் பலகை பிளக்கும். கயிறு வளைந்து கொடுக்கும் என்பது அத்தச்சர் கண்ட உண்மை. இன்று தமிழ்ப் பெண்டிர்க்கு மிக நெருக்கமான திருகாணி காதுத்தோட்டின் பின்னே இருப்பதுதான். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் ஒருநாளில் கைமாறும் திருகாணிகளைப் பலரும் திருகாணி என்றே எண்ணிப்பார்ப்பதில்லை! தச்சுப்பட்டறையில் அதனை முடுக்கும் கருவிக்குத் தமிழர் இட்ட பெயர் திருப்புளி. திருப்பும் உளி என்னும் அப்பெயர், வந்தேறிய பொருளைத் தெரிந்த பொருளின் உறவாக்கிக் கொண்டதைக் காட்டுகிறது.

ஐரோப்பாவில் பொருள்களைப் பிணைக்கும் திருகாணி பதினைந்தாம் நூற்றாண்டளவில் வழக்கிற்கு வந்தது. போர்க்கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் கடிகாரங்களிலும் அது முதலில் இடம்பெற்றது. ஒவ்வொன்றையும் அரத்தால் அராவிச் செய்யவேண்டி இருந்தமையால் விலை மிகுதி. இங்கிலாந்தின் ஜாப் வயட், வில்லியம் வயட் என்னும் சகோதரர்கள் 1760-இல் திருகாணியைப் பொறியால் வெட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அக்காலத்துத் திருகாணியின் முனை மழுங்கியது. முன்னரே துளையிட்டாலன்றி மரத்தில் இறங்காது. முனை கூர்ந்த திருகாணி 1840களில் அமெரிக்காவில் செம்மை பெற்றது. அதன் உரிமையை விலைக்கு வாங்கி, 1854-இல் பர்மிங்காம் அருகே நெட்டில்போல்டு, சேம்பர்லேன் குடும்பத்தார் பெருந்தொழிற்சாலை தொடங்கினர். பின்னாளில் பிரிட்டிஷ் பேரரசின் குடியேற்றநாட்டு அமைச்சராக விளங்கிய ஜோசப் சேம்பர்லேன் இளமையில் அங்குக் கணக்குப் பார்த்தவர். 

அப்பேரரசின் கட்டடக்கலை சிங்கப்பூரில் எழுந்தபோது அதற்குக் கைகொடுத்தோருள் இந்தியக் கைதிகள் முதன்மையானவர்கள். 1825 முதல் 1873 வரை இங்கு வைக்கப்பட்டிருந்த அவர்களுள் பலர் சிறைப் பட்டறைகளில் தச்சு, கொல்லு, கல்தச்சு முதலிய தொழில்களைக் கற்றனர். 1862-இல் அர்ப்பணிக்கப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869-இல் நிறைவுற்று இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்களின் கைவண்ணம். ஐரோப்பிய முறைக் கதவுக் கீல்களும் பூட்டுகளும் இக்கரையில் பெருக, அவற்றைப் பொருத்தும் திருகாணியும் பெருகியது. அதனை முடுக்கிய ஆற்றல் தோளும் முன்கையும் மணிக்கட்டும் தந்தது. வலக்கையின் உள்ளங்கை மேல்நோக்குமாறு திருப்பும் திசையில் மேற்கைத் தசை வலிமை மிக்கது; திருகாணி வலஞ்சுழியாக இறங்குவது வலக்கையர்க்கு வாய்ப்பாக அமைந்தது. இடக்கையர் பாடு கொஞ்சம் திண்டாட்டந்தான்.

ஒற்றைக் கோடு வெட்டிய தலையில் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழிப்பது அன்றாடத் துன்பம். கனடாவின் இராபர்ட்சன் 1908-இல் சதுரக்குழித் தலையை வகுத்தார். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற சிலுவைத் தலை, கார்த் தொழிற்சாலைகளின் வழியே உலகெங்கும் பரவியது. இயந்திரத்தின் அலகு தானே நடுவில் சென்று பொருந்துவது இதன் சிறப்பு. மிகுந்த விசையில் அலகு மேலெழும்பித் தலையைச் சிதைப்பது இதன் குறை. இக்குறை பின்னர் வரும் கதைக்கு இன்றியமையாதது.

இனித் துளைப்பொறியின் வழியைக் காண்போம். 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அது பாறையையும் நிலக்கரியையும் குடைவதற்கானது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பைன் நிறுவனம் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒன்றைச் செய்தது. 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. இன்றுவரை அவ்வடிவம் மாறவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946-இல் அந்நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே விலை குறைந்த டிரில்களை விற்கத் தொடங்கியது.

துளைக்கும் பொறியில் அலகை மாற்றித் திருப்புளி முனையைச் செருகினால் திருகாணியும் இறங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளப் பேரறிவு வேண்டுவதில்லை. ஆனால் துளையிடும்போது விசை சீராக இருக்கும். திருகாணி இறங்கும்போதோ ஆழம் கூடக்கூட எதிர்ப்பு கூடும். தலை மரத்தைத் தொட்ட நொடியில் சுழற்சி நிற்க வேண்டும். டிரில்லுக்கு அது தெரியாது. ஆகவேதான் அதன் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. 'கிளட்ச்' எனப்படும் அது, குறித்த முறுக்குவிசையைத் தாண்டினால் பல்லை விட்டு நழுவித் திருகாணியைக் காப்பாற்றும். வாங்குவோர் பலர் அந்த எண்களை ஒருநாளும் திருப்பிப் பார்ப்பதில்லை. பெருவிசையில் வைத்து முடுக்கிவிட்டு, மரத்தைப் பழிப்பர்.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. பொறி திருகாணியை எவ்வளவு விசையுடன் ஒரு பக்கம் திருப்புகிறதோ அவ்வளவு விசையுடன் பிடித்திருப்பவரின் கையை மறுபக்கம் திருப்பும். இது நியூட்டனின் விதி. எந்த நிறுவனமும் இதற்கு விலக்குப் பெற முடியாது. இன்றைய நடுத்தர 18 வோல்ட் டிரில் ஏறத்தாழ 50 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும். அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியின் அடியில் கையை வைத்தாலும், அம்முழுவிசையில் அலகு சிக்கினால் கையைத் தள்ளும் விசை 250 நியூட்டன் ஆகிறது. அதாவது, 25 கிலோ எடை ஒரு நொடியில் மணிக்கட்டில் வந்து விழுவதற்கு ஒப்பாகும். ஏணியின் மேல் ஒற்றைக்கையால் வேலை செய்பவருக்கு அந்த நொடி போதும்.

இந்தச் சிக்கலுக்கு விடை, துளைப்பொறியின் குடும்பத்திலிருந்து வரவில்லை. சக்கர மரையைக் கழற்றும் பட்டறையிலிருந்து வந்தது. துருப்பிடித்த மரையைத் தொடர்ந்து திருகுவதைவிடச் சுத்தியலால் திருகுகோலைத் தட்டுவது பயனளிக்கும் என்பதை எந்தப் பட்டறைத் தொழிலாளியும் அறிவார். அத்தட்டலையே பொறிக்குள் அடக்கி, காற்றழுத்தத்தால் இயங்கும் மோதுவிசைத் திருகிகள் 1930களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் இங்கர்சால்-ராண்டு நிறுவனத்தின் 1934-ஆம் ஆண்டுப் பொறி பெயர்பெற்றது.

அதன் சிறுவடிவமே இம்பேக்ட் டிரைவர். உள்ளே இரு உறுப்புகள்: மின்னோடியோடு சுழலும் சம்மட்டி ஒன்று, அலகைப் பிடித்திருக்கும் பட்டடை ஒன்று. இரண்டுக்கும் பின்னே ஒரு சுருள்வில். எதிர்ப்பு குறைவாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே சுழலும். எதிர்ப்பு மிகும்போது பட்டடை நிற்க, சம்மட்டி வில்லை அழுத்திக்கொண்டு சரிவில் பின்னேறும். பட்டடையின் பல்லைத் தாண்டியதும் வில் அதனை முன்தள்ள, சுழன்று வந்து பல்லின் மேல் மோதும். நிமிடத்திற்கு 3,000 தடவைக்கு மேல் இது நிகழும். மோதல் சுழலும் திசையில்தான், முன்னோக்கி அன்று. இதனைச் சுவர் குடையும் சம்மட்டித் துளைப்பொறியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். சம்மட்டித் துளைப்பொறி முன்னோக்கி இடிக்கும். அதன் வலிய உறவினன் 1932-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வெளியிட்ட 'பாஷ் ஹேமர்'.

மோதல் பொறிக்குள்ளேயே நிகழ்வதால், கைக்கு வந்து சேர்வது வில்லின் சிறுவிசை மட்டுமே. திருகாணிமேல் 150 நியூட்டன்-மீட்டருக்கும் மேல் விழும்போதும் மணிக்கட்டு முறுக்கப்படுவதில்லை. இதன் அருமையை முதலில் உணர்ந்தோருள் விண்வெளிப் பொறியாளரும் அடங்குவர். எடையற்ற வெளியில் மிதப்பவர் ஆணியைத் திருப்பினால் ஆணி நிற்க, அவர் உடல் சுழலும்! அமெரிக்காவின் ஜெமினி திட்டத்திற்கென 1960களில் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம், விண்வெளி வீரரைச் சுழற்றாமல் ஆணியைச் சுழற்றும் திருகி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. அதே நிறுவனம் 1961-இல் கம்பியில்லா டிரில்லை வெளியிட்டிருந்தது. ஜப்பானின் மகிட்டா நிறுவனம் 1978-இல் நிக்கல்-காட்மியம் மின்கல டிரில்லைக் கொணர்ந்தது. 2005 அளவில் லித்தியம் மின்கலக் கருவிகள் பரவலாயின. எடை குறைந்தது, விலையும் மெல்ல இறங்கியது. தொழிலாளரின் இடுப்பு வாரில் இம்பேக்ட் டிரைவர் தொங்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

செங்காங் நகரும் ஏறத்தாழ அதே வயதினது. சிராங்கூன் ஆற்றின் முகத்தில் கங்கார் என்னும் மீனவர் சிற்றூரும், ரப்பர்த் தோட்டங்களும் இருந்த இடம் அது. 1990களின் நடுவில் திட்டமிடப்பட்டு, அப்பத்தாண்டு முடியுமுன் மக்கள் குடியேறினர். 2003-இல் வடகிழக்குப் பாதை ரயில் வந்தது. கடலும் கப்பலும் நினைவூட்டும் ரிவர்வேல், காம்பஸ்வேல், ஆங்கர்வேல் முதலிய பெயர்கள் அதன் வட்டாரங்களுக்கு வாய்த்தன. மரப்பலகை வீடுகள் இருந்த காலத்தில் ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். புதுநகரின் வீடுகளோ கற்காரையால் ஆனவை. திருகாணி கற்காரையில் புரி பதித்து நிற்காது. இங்குதான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். விலைமிக்க இம்பேக்ட் டிரைவரை வாங்கிவந்து சுவரில் வைத்தால், அது ஓசை எழுப்புமேயன்றித் துளை எழுப்பாது.

கற்காரைக்கு முதலில் வேண்டியது சம்மட்டித் துளைப்பொறி. அடுத்து வேண்டியது துளைக்குள் செருகும் 'பிளக்'. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர் சிதையாமல் மின்கருவிகளைப் பொருத்த வேண்டிய பணி, 1910களின் தொடக்கத்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தது. அவர் சணல் நாரைப் பிணைத்துக் குழல் செய்து, திருகாணி இறங்க இறங்க அது விரிந்து சுவரைக் கவ்வுமாறு அமைத்தார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்ட்டர் பிஷர் அதனையே நைலானில் வார்த்தார். செங்காங் வீட்டில் படம் மாட்டுவோர் கையில் உள்ள சாம்பல்நிறச் சிறுகுழல் அவர் வழி வந்ததே.

1998-க்குப் பின்னர் எழுந்த வீடுகளில் 'பாம் ஷெல்டர்' என்று மக்கள் அழைக்கும் பாதுகாப்பறையும் உண்டு. அதன் சுவரைப் பெரும்பாலோர் சரக்கறைச் சுவராகவே கருதி அலமாரி பொருத்த முனைகின்றனர். அங்கே துளையின் விட்டம் 10 மில்லிமீட்டரையும் ஆழம் 50 மில்லிமீட்டரையும் மிகக்கூடாது. பிளக் உலோகமாக இருத்தல் ஆகாது. எந்தப் பொறியை வாங்கினாலும் இவ்வரம்பு மாறாது.

சுவரை விட்டு அலமாரிக்கு வந்தால் தேர்வு தெளிவாகிறது. கீல் பொருத்தும் சிறு திருகாணிகள் துகட்பலகையில் இறங்குவன. அங்குப் புரி ஒருமுறை நைந்தால் மீளாது. கிளட்ச்சைத் தாழ்ந்த எண்ணில் வைத்த டிரில்லே அதற்கு ஏற்றது. இம்பேக்ட் டிரைவர் அங்கு ஒரு தட்டுக் கூடுதலாகத் தட்டினாலும் தலை பலகைக்குள் புதையும். பித்தளைத் திருகாணியாயின் கழுத்து ஒடியும். பழக்கப்பட்ட விரல் விசையை மெல்ல அழுத்தி இதனைத் தவிர்க்க இயலும். ஆனால் அப்பழக்கம் வருவதற்குள் எத்தனை கீல்கள் பாழாகும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். மாறாக, பாலாவ் போன்ற கடினமரத்தில் நீண்ட திருகாணி இறக்குவதாயினும், கூரைத் தகட்டை இரும்புச் சட்டத்தில் பிணைப்பதாயினும், டிரில் மூச்சுத்திணறிக் கையை முறுக்கும் இடத்தில் இம்பேக்ட் டிரைவர் எளிதாக முடிக்கும். சிலுவைத் தலை நழுவும் குறையும் இதில் குறைவு. ஒவ்வொரு மோதலுக்கும் இடையே அலகு மீண்டும் குழிக்குள் அமர நேரம் கிடைப்பதே காரணம். அலகு பிடிக்கும் முறையும் வேறு: டிரில்லின் 'சக்' உருண்டைத் தண்டையும் கவ்வும், இம்பேக்ட் டிரைவர் கால் அங்குல அறுகோணத் தண்டை மட்டுமே ஏற்கும். சிங்கப்பூர் 1970களில் மெட்ரிக் அளவுக்கு மாறிய பின்னும் இந்தக் கால் அங்குலம் மட்டும் அசையவில்லை.

மணிக்கட்டைக் காத்த கருவி செவியிடம் அதற்கு விலை கேட்கிறது. இம்பேக்ட் டிரைவர் மோதும்போது எழும் ஓசை பெரும்பாலும் 95 டெசிபெலைத் தாண்டும். சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு வேலையிட ஓசை விதிகள் எட்டுமணி நேரத்திற்கு 85 டெசிபெலை வரம்பாக வைத்துள்ளன. மூன்று டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். அக்கணக்கின்படி 97 டெசிபெலில் அரைமணி நேரமே தாங்கத்தக்கது. வீட்டில் ஆண்டுக்கு இருமுறை அலமாரி பூட்டுபவருக்கு இது பொருட்டன்று. நாள்முழுதும் கூரையிலும் உள்ளலங்காரப் பணியிலும் நிற்கும் தொழிலாளருக்கோ நிலை வேறு. அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஞாயிறுதோறும் தேக்காவில் ஊர்ப்பேச்சுப் பேச ஒன்றுகூடுபவர்கள். ஓசையால் வரும் செவிட்டுத்தன்மை இந்நாட்டின் தொழில்சார் நோய்களுள் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பது. கைவலி அன்றே தெரியும். செவி போவது பத்தாண்டு கழித்துத்தான் தெரியும். கருவியைத் தேர்ந்து கொடுக்கும் முதலாளிகள், காதடைப்பான் தருவதையும் அத்தேர்வின் பகுதியாகக் கொள்வது கடமையாகும்.

இதனை உணர்ந்த உற்பத்தியாளர் 2010களில் எண்ணெய் அழுத்தத்தால் தட்டும் வகையை வெளியிட்டனர். அதில் உலோகமும் உலோகமும் நேரே மோதுவதில்லை. இடையே எண்ணெய் நின்று அடியை வாங்கிக் கொடுக்கும். ஓசை கணிசமாகக் குறையும், விசையும் சற்றே குறையும், விலை கூடும். ஜாலான் புசார்க் கடைகளில் அதனைக் கேட்பவர் இன்னும் சிலரே. பெரும்பாலோர் ஒரே மின்கலத்தில் இயங்கும் டிரில்லையும் இம்பேக்ட் டிரைவரையும் ஒரு பெட்டியாகச் சேர்த்து வாங்கிச் செல்கின்றனர். கற்காரைச் சுவர் உள்ள வீட்டிற்கு அப்பெட்டி வாங்குவோர் டிரில்லின் வளையத்தில் சம்மட்டிக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். அக்குறி இல்லாத பெட்டிகளும் அதே அடுக்கில்தான் இருக்கின்றன.